தை மாதத்து மின் கட்டணம்: வாசகர் கேள்வி – பதில்

மார்கழி பிறந்துவிட்டால் நீலகிரி, பழனி மலை ஊர்களிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் பேச்சு வழக்கமாகக் கேரட் விலைக்கும் பனிக்கருகலுக்கும் திரும்பிவிடும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை மின் கட்டணத்தையும் எரிவாயுவையும் பற்றியவை என்பதால், அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறேன். கட்டண விவரங்கள் யாவும் 2025 ஜூலை மாத அட்டவணைப்படி, அரசின் மானியம் போக நுகர்வோர் கட்ட வேண்டிய தொகையாகும்.

கேள்வி: நாங்கள் ஓய்வுபெற்ற தம்பதியர். ஐப்பசியில் எடுத்த ரீடிங்குக்கு 658 ரூபாய் கட்டினோம். மாசியில் எடுத்த ரீடிங்குக்கு 2,292 ரூபாய் வந்திருக்கிறது. இடையில் புதிதாக வாங்கியது 2,000 வாட் ரூம் ஹீட்டர் ஒன்று மட்டுமே. அதையும் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போடுவதில்லை. மீட்டர் பழுதாகிவிட்டதா, அல்லது 100 யூனிட் சலுகை எங்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டதா? — வாசகர், எமரால்டு

பதில்: இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். உங்கள் ஐப்பசித் தொகையைப் பிரித்துப் பார்த்தால் அது 290 யூனிட்டுக்கு உரியது. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு வீதம் 235 ரூபாய். மீதி 90 யூனிட்டுக்கு 4 ரூபாய் 70 காசு வீதம் 423 ரூபாய். ஆக மொத்தம் 658. இப்போது ஹீட்டரைக் கணக்கில் சேருங்கள். 2,000 வாட் கருவி இரண்டு மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 4 யூனிட், அறுபது நாளுக்கு 240 யூனிட். பழைய 290 யூனிட்டுடன் சேர்ந்து 530 யூனிட் ஆகிவிட்டது.

இங்கேதான் சிக்கல். நம் கட்டண அட்டவணையில் 500 யூனிட் என்பது வெறும் ஒரு படி அன்று, ஒரு வேலி. அந்த வேலிக்குள் இருக்கும் வரை 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு அரைக் கட்டணம். வேலியைத் தாண்டிய அடுத்த நொடியே அந்த அரைக் கட்டணம் பறிபோய், 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டுக்கும் 4 ரூபாய் 70 காசு என்று கணக்கு தொடக்கத்திலிருந்து மாற்றி எழுதப்படுகிறது. ஆகவே 500 யூனிட் பயன்படுத்தியவர் 1,805 ரூபாய் கட்டும்போது, 501 யூனிட் பயன்படுத்தியவர் 2,048 ரூபாய் 40 காசு கட்ட வேண்டியிருக்கிறது. கடைசி ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! நீங்கள் தாண்டியது 30 யூனிட். அதாவது ஹீட்டரை ஏழெட்டு நாள் போடாமல் இருந்திருந்தால் 487 ரூபாய் மிச்சமாகியிருக்கும். 100 யூனிட் இலவசம் உங்களுக்கு இப்போதும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2016 மே மாதம் அது அறிவிக்கப்பட்ட நாள் முதல், எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று பார்க்காமல் எல்லா வீட்டு இணைப்புக்கும் உரியதாகவே இருந்துவருகிறது.

மீட்டர் மீது ஐயம் தீரவில்லையென்றால் செலவில்லாத ஒரு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். மின்னணு மீட்டரின் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டுச் சிமிட்டும். அதன் அருகே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்றிருந்தால், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வாளியில் போடும் 1,000 வாட் ராடு ஹீட்டர் ஒன்றை மட்டும் இயக்கிப் பாருங்கள். நிமிடத்துக்கு 53 முறை அளவில் சிமிட்டினால் மீட்டர் சரியாக ஓடுகிறது. ராடையும் அணைத்த பிறகும் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், ஈரம் ஊறிய சுவருக்குள் எங்கோ மின்கசிவு இருக்கிறது என்று கொண்டு முதலில் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கணக்கு பொருந்தவே இல்லையென்றால் மட்டும் பிரிவு அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி மீட்டர் சோதனைக்கு விண்ணப்பியுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். வெள்ளை அட்டையில் ரீடிங் எடுத்த தேதியை ஒவ்வொரு முறையும் பாருங்கள். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவைத்த அட்டை மலையின் ஈரத்தில் நைந்து, மை பரவி, 3 எது 8 எது என்று தெரியாமல் போவதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறாள். அங்கே குளிர்காலத்தில் முதியவர்களுக்கு அரசே வெப்பச் செலவுக்குப் பணம் தருகிறது என்கிறாள். மின்விசிறியே தேவைப்படாத நமக்கும், குளிரே அறியாத சென்னைக்கும் ஒரே 100 யூனிட் என்பது என்ன நியாயம்? — வாசகர், கோத்தகிரி

பதில்: உங்கள் மகள் சொல்வது உண்மை. அங்கே 1997 முதல் ஓய்வூதிய வயதினருக்குக் குளிர்கால எரிபொருள் தொகை வழங்கப்படுகிறது. 2024இல் அதை வறியவர்களுக்கு மட்டும் என்று சுருக்கி, எதிர்ப்பு எழுந்ததும் 2025இல் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளவர்களுக்கு என்று மீண்டும் விரித்தார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மின் கட்டணத்தில் 150 பவுண்டு தள்ளுபடி தனியே உண்டு. உக்ரைன் போருக்குப் பின் எரிவாயு விலை ஏறிய 2022–23 குளிர்காலத்தில் வீட்டுக்கு 400 பவுண்டு வீதம் ஆறு தவணைகளில் அரசு கொடுத்தது. இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது வேறொன்று. அரசின் உதவித்தொகை பெறும் குடும்பங்கள் வசிக்கும் பகுதியில் ஏழு நாள் தொடர்ந்து சராசரி வெப்பநிலை பூஜ்யம் டிகிரியிலோ அதற்குக் கீழோ இருந்தால், அந்த வாரத்துக்கு 25 பவுண்டு அவர்கள் கணக்கில் சேர்ந்துவிடும். அந்த உதவியை நிர்ணயிப்பது மீட்டர் அன்று, வெப்பமானி.

அந்த விதியை அப்படியே எடுத்துவந்து இங்கே ஒட்டினால், உதகைக்குக்கூட ஒரு காசு கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் அதே நாளில் நண்பகல் வெயில் 20 டிகிரியைத் தொட்டுவிடுகிறது; இரவு பகல் சராசரி பூஜ்யத்தின் பக்கமே போகாது. நம் குளிருக்கு நம் அளவுகோல்தான் வேண்டும்.

அந்த அளவுகோல் என்னவாக இருக்கலாம் என்று ஒரு வாளித் தண்ணீரை வைத்தே பார்க்கலாம். குளிப்பதற்கு 15 லிட்டர் தண்ணீரை 42 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் குழாயில் வரும் தண்ணீரே 28 டிகிரி இருக்கும். கால் யூனிட் மின்சாரம் போதும். மார்கழிக் காலையில் நம் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி. அரை யூனிட்டுக்கு மேல் தேவை. நான்கு பேர் கொண்ட வீட்டில் நாளுக்கு 2 யூனிட், இரண்டு மாதத்தில் 120 யூனிட். அரசு தரும் 100 யூனிட் குளியலறையிலேயே கரைந்துவிடுகிறது. சென்னைக்காரருக்குச் சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லையா என்று கேட்பார்கள், கேட்கட்டும். ஆனால் அங்கே ஏ.சி. இல்லாத ஏழை வீடு தண்ணீரைச் சூடாக்காமலே குளித்துவிட முடியும். இங்கே எழுபது வயதுப் பாட்டியைப் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்ல முடியாது.

மலையில் குளிரும் என்பது அரசுக்குத் தெரியாத செய்தியும் அன்று. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பணிபுரியும் தன் ஊழியர்களுக்கு மலைப்படியும் குளிர்காலப் படியும் அது கொடுத்துவருகிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம்கூட முதலாளிகள் தொழிலாளர்களுக்குக் கம்பளியும் குடையும் தருவதைப் பற்றிப் பேசியது. வீட்டு மின் கட்டணம் என்று வரும்போது மட்டும் இந்த நினைவு தப்பிவிடுகிறது. 1932 முதல் பைக்காராவிலும் பின்னர் மோயாற்றிலும் குந்தாவிலும் தண்ணீரை விழவைத்துச் சமவெளிக்கு வெளிச்சம் அனுப்பிய மலைக்கு, மார்கழி, தை இரண்டு மாதத்துக்கு மட்டுமாவது அந்த 500 யூனிட் வேலியைச் சற்றுத் தள்ளி நடலாம் என்பது என் கருத்து. கட்டண மாற்றத்துக்கு முன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. அங்கே எழுதப்படும் கடிதங்களில் மலையிலிருந்து போவன எத்தனை என்று உங்களையும் என்னையும் கேட்டுக்கொள்வோம்.

கேள்வி: பந்தலூர் அருகே மண்சுவரும் தகரக் கூரையும் கொண்ட சிறிய வீடு எங்களுடையது. குடிசை என்றால் ஓலைக் கூரை இருக்க வேண்டும், உங்களுக்கு இலவச மின்சாரம் கிடையாது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். சரியா? — வாசகி, பந்தலூர்

பதில்: உங்கள் மாவட்டத்தைப் பொறுத்தவரை சரியன்று. குடிசை இணைப்புக்கான கட்டண வகையில், ஓலையோடு ஓடு, ஆஸ்பெஸ்டாஸ், தகரம் ஆகியவற்றால் வேய்ந்த கூரையையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆடி மாதக் காற்றிலும் மழையிலும் ஓலை நிற்காது என்பதை யாரோ ஒரு நல்ல அதிகாரி கோப்பில் எழுதிவைத்திருக்கிறார் போலும்! வீட்டின் பரப்பளவுக்கு வரம்பு உண்டு. அதைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது நகல்களுடன் விண்ணப்பியுங்கள். ஒரு எச்சரிக்கை: குடிசை இணைப்பு விளக்கு, தொலைக்காட்சி போன்ற குறிப்பிட்ட சிறு கருவிகளுக்கு மட்டுமே. அதில் ராடு ஹீட்டரையோ மின் அடுப்பையோ சொருகினால், இணைப்பைச் சாதாரண வீட்டு வகைக்கு மாற்றிவிடுவார்கள்.

    

கேள்வி: கொடைக்கானலில் வாடகைக்கு இருக்கிறோம். உரிமையாளர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 12 ரூபாய் வாங்குகிறார். எங்களுக்கு 100 யூனிட் இலவசம் இல்லையா? — வாசகி, கொடைக்கானல்

பதில்: இலவசம் ஆளுக்கு அன்று, இணைப்புக்கு. ஒரே இணைப்பிலிருந்து நான்கு குடும்பம் மின்சாரம் எடுத்தால் நால்வருக்கும் சேர்த்து ஒரே 100 யூனிட்தான். அதோடு நால்வரின் பயன்பாடும் கூடி வேலியைத் தாண்டி உயர்ந்த படிகளுக்குப் போய்விடும். ஆனால் 1,000 யூனிட்டுக்கு மேல் போனால் வரும் மிக உயர்ந்த படியே 11 ரூபாய் 55 காசுதான்; அதுவும் அதற்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு மட்டும். எல்லா யூனிட்டுக்கும் 12 ரூபாய் என்பது எந்தக் கணக்கிலும் அடங்காது. சண்டைக்குப் போகாமல், அட்டையிலுள்ள மொத்தத் தொகையைப் பயன்பாட்டின் விகிதத்தில் பகிர்ந்துகொள்ளலாம் என்று கேளுங்கள். தனிச் சமையலறையும் தனி வாசலும் உள்ள பகுதியாக இருந்தால், அதற்குத் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கும்படி உரிமையாளரை வற்புறுத்துவதுதான் நிலையான தீர்வு. எஸ்டேட் லைன் வீடுகளில் நிர்வாகத்தின் பொது மீட்டரிலிருந்து மின்சாரம் பெறுவோருக்கும் இதே பதில்தான்.

கேள்வி: உஜ்வலா திட்டத்தில் கேஸ் வாங்கினோம். சிலிண்டருக்கு முழு விலையும் கொடுக்கச் சொல்கிறார்கள். மானியம் எங்கே போகிறது? — வாசகி, கவுஞ்சி

பதில்: உங்கள் வங்கிக் கணக்குக்குப் போகிறது, அல்லது போக வேண்டும். 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்ற பெண்களுக்கு, 2023 அக்டோபர் முதல் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. முன்பு ஆண்டுக்கு 12 சிலிண்டர் வரை இருந்ததை 2025–26 நிதியாண்டில் 9 ஆகக் குறைத்துவிட்டார்கள். வாங்கும்போது முழு விலையையும் கொடுத்தாக வேண்டும். மானியம் பின்னர்தான் வரும். வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. ஆதார் எண் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கணக்கில் அல்லாமல், நூறு நாள் வேலைக்காகத் தொடங்கி மறந்துபோன வேறொரு கணக்கில் இணைந்திருக்கும். அல்லது முகவரிடம் கைரேகைச் சரிபார்ப்பு முடியாமல் இருக்கும். முன்னதை வங்கியிலும் பின்னதை எரிவாயு முகவரிடமும் சரிசெய்யலாம். பூண்டுத் தோலும் மண்ணும் உரசி ரேகை தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்க மறுத்தால், கைப்பேசிச் செயலி வழியே முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது.

வண்டி ஊர் வரை வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிடங்குக்கே சென்று சிலிண்டரை எடுத்து வருபவருக்கு ரசீதுத் தொகையில் கழிவு தர வேண்டும், கேட்டால்தான் தருவார்கள். கேஸ் தீர்ந்த நாளில் விறகுக் கரியை இரும்புச் சட்டியில் இட்டுக் கதவை அடைத்துக்கொண்டு உறங்கும் பழக்கம் உங்கள் பக்கமும் இருக்கிறது. அந்தப் புகையில்லாத நெருப்பிலிருந்து வரும் வாயுவுக்கு மணமே கிடையாது, உறங்குபவர் விழிப்பதில்லை. அதற்குச் சாளரம் திறந்திருக்க வேண்டும், அல்லது சட்டி வெளியே இருக்க வேண்டும்.

கேள்வி: கூரையில் சோலார் பொருத்தினால் 78,000 ரூபாய் அரசு தருகிறதாமே. குன்னூர் மூடுபனிக்கு அது ஒத்துவருமா? — வாசகர், குன்னூர்

பதில்: 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக அதிக அளவாக 78,000 ரூபாய் மானியம். சமவெளியில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு 4 யூனிட் அளவில் தரும். குன்னூரில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. மேகம் இறங்கிவிட்டால் தகடு தூங்கிவிடும். ஆகவே அந்த 4 யூனிட்டை வைத்து விற்பனையாளர் காட்டும் கணக்கை நம்பி இறங்காதீர்கள்.

அதைவிட முக்கியமானது உங்கள் பயன்பாடு. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் வீடு கட்டுவது 235 ரூபாய்தான்; அதை மிச்சப்படுத்த மானியம் போகவும் பல ஆயிரங்களை முடக்குவது வீண். ஒவ்வொரு முறையும் 500 யூனிட்டைத் தாண்டுகிற, தெற்கு நோக்கி நிழல் விழாத கூரையுள்ள வீட்டுக்கு இது நன்று. மரநிழல் வீடு என்றால் விட்டுவிடுங்கள். சில்வர் ஓக்கை வெட்டிச் சோலார் வைப்பதாக எழுதியிருக்கும் அன்பருக்கு நான் துணை நிற்க மாட்டேன்.

கேள்வி: எங்கள் பகுதியில் இன்னும் மின்கம்பம் வராத ஆதிவாசிக் குடியிருப்புகள் உள்ளன. அவர்களுக்கு வழி உண்டா? — ஆசிரியர் ஒருவர், கூடலூர்

பதில்: உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தாருக்கும் மிகவும் நலிந்த பழங்குடியினருக்காக 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டம் பொருந்தும். கம்பி இழுத்துச் செல்ல முடியாத வீடுகளுக்குத் தனித்தியங்கும் சோலார் அமைப்பும் அதில் அடக்கம். சாதிச் சான்றும் ஆதாரும் இல்லாமல் நின்றுபோகும் குடும்பங்களே அதிகம். ஆசிரியராகிய நீங்கள் அவற்றை எடுத்துக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: இந்த முறை கட்டவே முடியவில்லை. ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்களா? — வாசகி, பண்ணைக்காடு

பதில்: கெடு நாள் முடிவதற்குள் பிரிவு அலுவலகத்துக்குச் சென்று, நிலைமையை விளக்கித் தவணை கேட்டு எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பிடுங்கிய பிறகு கேட்டால் மறு இணைப்புக் கட்டணமும் சேர்ந்துவிடும். தொகையே தவறு என்று தோன்றினால் மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 என்ற எண்ணில் எந்நேரமும் புகார் பதியலாம். அங்கே தீராவிட்டால் வட்ட அளவிலான நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அதற்கு மேல் சென்னையிலுள்ள மின்குறை தீர்ப்பாளருக்கும் எழுதலாம். அழைக்கும்போது வெள்ளை அட்டையின் மேற்பகுதியிலுள்ள இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தரும் புகார் எண்ணை அதே அட்டையின் பின்புறத்தில், பால்பாயிண்ட் பேனாவால், குறித்துவையுங்கள்.